பலெர்மோவின் ஓரங்கள்: டுசல்டோர்ஃபிலிருந்து பீக்கன் வரை

செவ்வாய், டுசல்டோர்ஃப்

ஜெர்மன் ஓவியர் பிளிங்கி பலெர்மோவின் படைப்புகளைத் தேடிப் போகிறவர்கள் பயணத்தைத் திங்கட்கிழமை தொடங்கக் கூடாது. ஜெர்மனியில் அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் திங்கள்தான் விடுமுறை. செவ்வாயில் தொடங்கினால் டுசல்டோர்ஃப், பான், மூன்ஸ்டர், ம்யூனிக் எல்லாம் வரிசையாகத் திறந்திருக்கும். கடைசி ஊரான அமெரிக்காவின் பீக்கனில் கணக்கு தலைகீழ். அங்கே திங்கள் திறந்திருக்கும், வார நடுவில் பூட்டு.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1943 ஜூன் 2 அன்று லைப்சிக் நகரில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தார். பிறந்தபோது பெயர் பீட்டர் ஷ்வார்ட்ஸ. தத்தெடுத்த குடும்பத்தின் பெயரால் பீட்டர் ஹைஸ்டர்காம்ப் ஆனார். 1952-இல் குடும்பம் மேற்கு ஜெர்மனிக்கு, மூன்ஸ்டருக்கு, வந்துவிட்டது. 1962-இல் டுசல்டோர்ஃப் கலை அகாடமியில் சேர்ந்தார். முதலில் ஓவியர் ப்ரூனோ கோலரிடம், 1964 முதல் சிற்பி யோசெஃப் பாய்ஸின் வகுப்பில். ‘பிளிங்கி பலெர்மோ’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அந்த வகுப்பில்தான். அது அமெரிக்கக் குத்துச்சண்டை உலகில் நிழல் வேலை பார்த்த ஒரு தாதாவின் பெயர். ஆள் பார்க்க அவரைப் போலவே இருக்கிறார் என்று கூடப் படித்தவர்கள் கிண்டலாக வைத்ததை, இவர் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டார். 1977 பிப்ரவரியில் மாலத்தீவின் குரும்பா தீவில் இறந்தபோது வயது 33. வேலை செய்த காலம் மொத்தமும் பதினைந்து ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

ரயில் நிலையத்திலிருந்து பழைய நகருக்குப் போக, பாதாள ரயிலில் ஹைன்ரிஷ்-ஹைன-அல்லே நிறுத்தத்தில் இறங்க வேண்டும். மூன்றாவது நிறுத்தம். வெளியே வந்தால் சுற்றுவட்டாரத்தில் எல்லாமே நடை தூரம். அகாடமிக் கட்டடம் ஐஸ்கெல்லர் தெருவில் இருக்கிறது. ஆனால் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க முடியாது, அது இன்றும் மாணவர்கள் வேலை செய்யும் இடம். குளிர்காலப் பருவம் முடியும்போது, பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டி, சில நாட்கள் மட்டும் எல்லா வகுப்பறைகளையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். பயணத்தை அதற்கு ஏற்ப அமைத்தால் பாய்ஸின் மாணவர்கள் புழங்கிய அறைகளின் உயரத்தையும் வெளிச்சத்தையும் நேரில் பார்க்கலாம். அவற்றில் 19ஆம் எண் அறை பேர்பெற்றது. பாய்ஸின் இன்னொரு மாணவரான இமி க்னோபெல் அங்கே ஹார்ட்போர்டு அட்டைகளாலும் மரச்சட்டங்களாலும் செய்த பெரும் படைப்புக்கு அறையின் எண்ணையே பெயராக வைத்தார். க்னோபெலும் பலெர்மோவும் நெருங்கிய நண்பர்கள். பீக்கன் போகும்போது இந்த நட்பு மறுபடி வரும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் நொய்ப்ரூக் தெரு, 12ஆம் எண். கொன்ராட் ஃபிஷர் 1967-இல் இங்கே கேலரி திறந்தார். கேலரி என்றால் பெரிய கூடம் எல்லாம் இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்த நடைவழியின் இரு முனைகளையும் கண்ணாடிக் கதவால் அடைத்த இடம். சுமார் 3 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம். முதல் கண்காட்சியில் அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆந்த்ரே தரையில் எஃகுத் தகடுகளைப் பரப்பினார். 1970-இல் பலெர்மோ தன் வீட்டுக் கட்டடத்துப் படிக்கட்டின் பக்கவாட்டு வடிவத்தை இந்தக் கேலரியின் சுவரில் ஏற்றினார். ‘படிக்கட்டு 1’ என்று பெயர். ஏறிப் போகிற ஒரு பட்டை, படிக்குப் படி மடிகிற விளிம்பு, அவ்வளவே.

இது போன்ற சுவர் வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் அதன் கஷ்டம் புரியும். படியின் உயரம், மிதியின் அகலம், மொத்தச் சரிவு மூன்றையும் அசல் இடத்தில் அளக்க வேண்டும். பிறகு புதிய சுவரில் ரசமட்டம் வைத்து ஒரு கிடைக்கோடு, தூக்குக்குண்டு விட்டு ஒரு செங்குத்துக்கோடு. மற்ற எல்லா அளவும் இந்த இரண்டிலிருந்து எடுக்கப்படும். தரையையோ கூரையையோ ஆதாரமாக வைத்து அளந்தால் வேலை கெட்டது. பழைய கட்டடத்தில் தரை ஒரு பக்கம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கும், கூரை வேறு பக்கம் சாய்ந்திருக்கும். வெறும் வெள்ளைச் சுவரில் யாருக்கும் தெரியாத அந்தக் கோணல், பக்கத்தில் ஒரு நேர்கோடு வந்ததும் பல்லிளிக்கும். அப்போது கட்டடத்தை நம்புவதா ரசமட்டத்தை நம்புவதா என்று முடிவெடுக்க வேண்டும். பலெர்மோவின் சுவர் வேலைகளில் பாதிக் கலை அந்த முடிவில் இருக்கிறது என்றே சொல்வேன்.

1968 முதல் 1973 வரை இப்படிச் சுவரில் நேரடியாக வரைந்துகொண்டிருந்தார். 1970-இல் எடின்பரோ விழாவின்போது டுசல்டோர்ஃப் கலைஞர்கள் பலர் சேர்ந்து அங்குள்ள கலைக் கல்லூரியில் கண்காட்சி நடத்தினார்கள். கல்லூரியின் முதன்மைப் படிக்கட்டுக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே ஓடும் பட்டையில், நீலம், மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று பக்கத்துக்கு ஒரு வண்ணம் பூசினார். கண்காட்சி முடிந்த பிறகு அதன்மேல் வெள்ளை அடித்துவிட்டார்கள். இவருடைய சுவர் வேலைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் கதி. அதனால் நொய்ப்ரூக் தெருவில் பார்க்க ஓவியம் எதுவும் இல்லை. நடைவழியின் அகலத்தைக் கையை விரித்து அளந்து பார்க்கலாம். அது வீண் இல்லை. 3 மீட்டர் அகல இடத்தில் பின்னால் தள்ளி நின்று முழுச் சுவரையும் ஒரே பார்வையில் பார்க்க வழியே கிடையாது. பக்கவாட்டில் நடந்தபடி, படியேறுகிற மாதிரியே, பார்க்க வேண்டியிருந்திருக்கும். புகைப்படம் இதைச் சொல்லாது.

புதன், பான்

டுசல்டோர்ஃபிலிருந்து கொலோன் வழியாகப் போகும் வட்டார ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். இதற்கு இருக்கை முன்பதிவு கிடையாது, தேவையும் இல்லை. பான் நிலையத்தின் அடியிலிருந்து 16, 63, 66 எண் டிராம்கள் எதில் ஏறினாலும் ஹோய்ஸ் அல்லே நிறுத்தத்தில் இறங்கலாம். எதிரிலேயே கலை அருங்காட்சியகம். 1992-இல் திறந்த கட்டடம், ஆக்செல் ஷுல்ட்டஸ் வடிவமைத்தது. பையை உள்ளே விடமாட்டார்கள். பூட்டுப்பெட்டிக்கு ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயம் கையில் இருக்கட்டும். புதனன்று மாலையில் கூடுதல் நேரம் திறந்திருக்கும் என்பதால் இந்த ஊரை இன்றைக்கு வைத்திருக்கிறோம்.

பானில் பலெர்மோவுக்கென்று நல்ல சேகரிப்பு உண்டு. அழிந்துபோன சுவர் வேலைகளின் ஆவணங்களும் அதில் அடக்கம். கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், தரைப்படம், பென்சில் குறிப்புகள். இவற்றை அவரே ஒழுங்குபடுத்தி அட்டைகளில் அமைத்தார். வெறும் பதிவாக நினைத்துக் கடந்து போகிறவர்கள் அதிகம். நின்று பார்க்க வேண்டிய இடம் இது. காகிதம் என்பதால் எப்போதும் மாட்டி வைக்க மாட்டார்கள், வெளிச்சத்தில் கெட்டுவிடும். போவதற்கு இரண்டு வாரம் முன்னால் மின்னஞ்சல் அனுப்பி, ‘பலெர்மோ படைப்புகளில் இப்போது எவை காட்சியில் இருக்கின்றன’ என்று பட்டியலாகக் கேளுங்கள். ‘பலெர்மோ இருக்கிறாரா’ என்று மட்டும் கேட்டால் ‘இருக்கிறார்’ என்று பதில் வரும், அவர் கிடங்கில் இருப்பார்.

இந்த ஆவணங்களில் தேட வேண்டியது, வண்ணத்துக்கும் அறையின் முனைக்கும் நடுவே அவர் விட்ட வெள்ளை ஓரம். சில இடங்களில் சுவர் முழுக்க வண்ணம் பூசி ஓரத்தை மட்டும் வெள்ளையாக விடுவார். சில இடங்களில் ஓரத்தை மட்டும் பூசி நடுவை விடுவார். பிரெமர்ஹாஃபன் ஊரில் ஒரு சிறு கண்காட்சி அறைக்கு, தெருவைப் பார்த்த கடைக் கண்ணாடியின் சட்ட அமைப்பை எடுத்து உள்சுவரில் அப்படியே வரைந்தார். எதையும் கற்பனை செய்து சேர்க்கவில்லை. கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கிற அளவை இடம் மாற்றினார், அவ்வளவுதான்.

இனி துணிப்படங்கள். பலெர்மோ என்றதும் பெரும்பாலானோர் நினைப்பது இவற்றைத்தான். ஜெர்மனியின் பெரிய சேகரிப்புகள் பலவற்றில் ஒன்றாவது இருக்கும். 1966-லிருந்து 1972 வரை செய்தவை. டிபார்ட்மென்ட் ஸ்டோரில் மீட்டர் கணக்கில் விற்கும், ஏற்கெனவே சாயமேற்றிய பருத்தித் துணியை வாங்குவார். இரண்டு அல்லது மூன்று நிறத் துண்டுகளைக் கிடைமட்டமாக இணைத்துத் தைத்து, அடியில் காடா துணி கொடுத்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியது. பெரும்பாலும் 2 மீட்டருக்கு 2 மீட்டர். தூரிகை படவே இல்லை. தையலும் அவர் கை இல்லை, தெரிந்தவர்கள் மிஷினில் தைத்துக் கொடுத்தார்கள்.

ஈரோட்டுப் பக்கம் துணி தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் உடனே பிடிபடும். இரண்டு துணிகளின் நெசவு அடர்த்தி ஒன்றாக இருக்காது. ஒன்று இழுத்தால் கொடுக்கும், இன்னொன்று கொடுக்காது. தைக்கும்போது மேஜையில் நேராக இருக்கும் தையல், சட்டத்தில் இழுத்ததும் நடுவில் மேலேயோ கீழேயோ வளையும். அதைச் சரிக்கட்ட ஒரு பக்கத்தை முழுசாக ஆணியடித்துவிட்டு அடுத்த பக்கம் போகக் கூடாது. நான்கு பக்கமும் நடுவில் ஒரு ஆணி, பிறகு எதிரெதிராக நடுவிலிருந்து மூலைக்கு என்று போக வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் தையலின் இரு முனைக்கும் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். மூலையில் அதிகம் இழுத்தால் தையல் முனைகள் மேல்நோக்கிச் சிரிக்கும். இன்னொன்றும் உண்டு. பட்டையின் உயரம் துணிச்சுருளின் அகலத்தைத் தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமானால் ஒரே நிறத்துக்குள் இன்னொரு தையல் வந்துவிடும். ஆக இந்தப் படங்களின் விகிதத்தை முடிவு செய்ததில் கடைக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. வண்ணத்தையோ கடைதான் முடிவு செய்தது. அந்த வருடம் சந்தையில் இருந்த சாயங்களுக்குள்தான் அவர் தேர்ந்தெடுக்க முடியும்.

பார்க்கும் முறை. முதலில் 5, 6 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அந்தத் தூரத்தில் தையல் மறைந்து, இரண்டு நிறங்கள் மட்டும் நிற்கும். பிறகு காவலர் அனுமதிக்கிற தூரம் வரை நெருங்கினால் நிறம் விலகி நெசவு வரும். தையலின் இரு பக்கமும் துணி லேசாக மேடு தட்டியிருக்கும். அடியில் தையல் விளிம்புகள் மடிந்திருப்பதால் வருகிற மேடு அது. கடைசியாகப் பக்கவாட்டில் போய் நில்லுங்கள். துணி சட்டத்தின் பக்கத்தில் மடிந்து பின்னால் போவதும், தையல் கோடு விளிம்பைச் சுற்றித் தொடர்வதும் தெரியும். நேரே நின்று பார்க்கிறவர் பாதிதான் பார்க்கிறார்.

அறை மங்கலாக இருக்கிறதே என்று குறைப்பட வேண்டாம். சாயத் துணிக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் வெளிச்சத்தை நிறுத்துகின்றன. சாதாரண வணிகச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும். அதிலும் இரண்டு நிறமும் ஒரே வேகத்தில் வெளுக்காது, அதனால் படத்தின் சமநிலையே மாறிப்போகும். கை பட்டால் எண்ணெய்க் கறை நிற்கும். ஈரத்தால் துடைத்தால் தண்ணீர் காய்ந்த வட்டம் விழும். எண்ணெய் ஓவியத்தைச் சுத்தம் செய்வது போல் இதைச் செய்ய இயலாது, காப்பாற்றத்தான் முடியும். உள்ளே வந்து கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது கொடுங்கள்.

வியாழன், மூன்ஸ்டர்

ரயிலில் டுசல்டோர்ஃப், எஸ்ஸன் வழி. பலெர்மோ வளர்ந்த ஊர். கலை அகாடமிக்குப் போகுமுன் இங்கேயே கைவினைக் கலைப் பள்ளியில் படித்தார். ஊரில் அவரைக் காட்டும் இடம் என்று பெரிதாக இல்லை. பேராலயச் சதுக்கத்தில் உள்ள எல்.டபிள்யூ.எல். அருங்காட்சியகம் 2011-இல் அவருக்கு ஒரு கண்காட்சி நடத்தியது. அன்றாடம் என்ன மாட்டியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஆனாலும் இந்த ஊரைத் தவிர்க்க வேண்டாம். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் சிற்பத் திட்டங்கள் கண்காட்சி இங்கே தொடங்கியது 1977-இல், பலெர்மோ இறந்த அதே ஆண்டு. அந்த முதல் சுற்றில் அமெரிக்கக் கலைஞர் டொனால்ட் ஜட் செய்த கான்கிரீட் வளையங்கள் ஆசே ஏரிக்கரையில் இன்றும் கிடக்கின்றன. இரண்டு வளையம், ஒன்றுக்குள் ஒன்று. வெளி வளையம் தரையின் சரிவோடு போகும், உள் வளையத்தின் மேல்விளிம்பு ரசமட்டமாக நிற்கும். சுற்றி நடந்தால் இரண்டின் உயர வித்தியாசம் மாறிக்கொண்டே வரும். எளிய வடிவங்களோடு நின்றுவிடும் அமெரிக்க மினிமலிசத்தையும் பலெர்மோவையும் ஒரே கூடையில் போடுகிறவர்கள் இதை ஒருமுறை சுற்றி வரவேண்டும். ஜட்டுக்கு அளவு கணக்கில் பிறக்கிறது, செய்வது ஆலை. பலெர்மோவுக்கு அளவு ஏதோ ஒரு கதவிலிருந்தோ படியிலிருந்தோ வருகிறது, செய்வது கை. கை கொஞ்சம் நடுங்கியிருந்தாலும் அதை மறைக்க மாட்டார். அவரை மினிமலிஸ்ட் என்று அழைப்பது வசதிக்காகத்தான்.

நகர நடுவில் பழைய டொமினிக்கன் தேவாலயத்தில் ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் ஊசல் இருக்கிறது. 2018 முதல் ஆடிக்கொண்டிருக்கிறது. 48 கிலோ உலோகக் குண்டு, 28.75 மீட்டர் கம்பி. இரு பக்கமும் சாம்பல் நிறக் கண்ணாடிப் பலகைகள். நுழைவுக் கட்டணம் இல்லை. ரிக்டர் பலெர்மோவின் நண்பர். 1970-இல் இருவரும் சேர்ந்து முதல் முறையாக நியூயார்க் போனார்கள். நாளை மறுநாள் பார்க்கப்போவது இந்த இருவரும் சேர்ந்து செய்ததை.

வெள்ளி, சனி, ம்யூனிக்

வெள்ளி முழுக்க ரயில். மூன்ஸ்டரிலிருந்து நேர் வண்டி கிடைக்காவிட்டால் கொலோனில் மாற வேண்டும். அதிவேக ரயிலுக்கு முன்பே பதிவு செய்தால் விலை பாதிக்கும் கீழே போகும், அன்றைக்கு வாங்கினால் கண்ணைக் கட்டும். மலிவு டிக்கெட்டில் குறிப்பிட்ட வண்டியில்தான் ஏற முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

ம்யூனிக்கில்தான் பலெர்மோவின் முதல் தனிக் கண்காட்சி நடந்தது, 1966-இல், ஃப்ரீட்ரிஷ் & டாலெம் கேலரியில். கேலரிக்காரர்களில் ஒருவரான ஹைனர் ஃப்ரீட்ரிஷ் பிறகு நியூயார்க் போய், 1974-இல் வேறு இருவரோடு சேர்ந்து டியா என்ற கலை அறக்கட்டளையைத் தொடங்கினார். பலெர்மோவின் பெரிய படைப்பு இன்று பீக்கனில் இருப்பதற்கு இதுதான் வழி.

லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு க்யோனிக்ஸ்ப்ளாட்ஸ் பாதாள ரயில் நிறுத்தம். எல்லோரும் காண்டின்ஸ்கியைப் பார்க்க வருவார்கள், கூட்டம் அந்தப் பக்கமே இருக்கும். நாம் தேட வேண்டியது ‘பலெர்மோவின் ஓர் அறைக்கு இரண்டு சிற்பங்கள்’ என்ற 1971ஆம் ஆண்டு வேலை. ரிக்டர் தன் தலையையும் பலெர்மோவின் தலையையும் அச்செடுத்து, சாம்பல் வண்ணம் பூசி, உயரமான பீடங்களில் எதிரெதிராக நிறுத்தினார். இரண்டும் கண்மூடியிருக்கும். பலெர்மோவின் பங்கு சுவர். காவி கலந்த மஞ்சள் நிறத்தில் அறைச் சுவர்களைப் பூசினார்.

தலைகளைப் பார்த்துவிட்டு வெளியேறிவிடாதீர்கள். மஞ்சள் எங்கே நிற்கிறது என்று மூலைகளிலும் கூரையோரமும் தரையோரமும் பாருங்கள். இந்த அறையைப் புதிதாகப் பூசும்போது எழும் சிக்கல்களைக் கேட்டால் நம்மூர் பெயின்டர்களே தலையசைப்பார்கள். அடியில் பட்டி பார்த்தது சமமாக உறிஞ்சாவிட்டால் ஒரே டப்பா வண்ணம் திட்டுத் திட்டாகக் காயும். ரோலரால் அடித்தால் புள்ளி புள்ளியான மேற்பரப்பு, பிரஷ்ஷால் அடித்தால் கோடு. இரண்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் வேறு வேறு நிறமாகவே தெரியும். ஒரு சுவரைப் பாதியில் நிறுத்திவிட்டு மதியம் தொடர்ந்தால் சேர்ந்த இடம் காட்டிக்கொடுக்கும். ஒரு சுவரை ஒரே மூச்சில், ஈர விளிம்பு காயுமுன் முடிப்பது ஒன்றுதான் வழி. மாஸ்கிங் டேப்பை வண்ணம் முழுக்கக் காய்ந்தபின் உரித்தால் விளிம்பு பிய்ந்து வரும். தொட்டால் லேசாக ஒட்டுகிற பதத்தில், 45 பாகை சாய்த்து, மெதுவாக உரிக்க வேண்டும்.

ஞாயிறு, விமானம்

இன்றைக்குப் பார்க்க ஒன்றுமில்லை, அதனால் செய்து பார்க்கக்கூடிய ஒன்று. 1969-இல் பலெர்மோ ‘நீல முக்கோணம்’ என்று ஒரு பெட்டியை 50 பிரதிகள் வெளியிட்டார். உள்ளே ஒரு ஸ்டென்சில் அட்டை (வடிவத்தை ஓட்டையாக வெட்டியது), ஒரு நீல வண்ணக் குழாய், ஒரு பிரஷ், அவரே முக்கோணம் வரைந்த ஒரு தாள். கூடவே குறிப்பு: ஸ்டென்சிலைக் கொண்டு ஒரு கதவுக்கு மேலே நீல முக்கோணத்தை வரையுங்கள், பிறகு அசல் தாளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வாங்கியவர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள். குறிப்பின்படி நடந்தால் கையில் விலை போகும் பொருள் எதுவும் மிஞ்சாது. நடக்காவிட்டால் படைப்பு நிறைவேறவே இல்லை. இன்று ஏலத்துக்கு வரும் பெட்டிகளில் வண்ணக் குழாய் பிதுக்கப்படாமல் இருந்தால் விலை கூடும் என்பதே இதன் நகைச்சுவை.

அசல் பெட்டி இல்லாமலும் செய்யலாம். இரு பக்கம் சமமான முக்கோணத்தைக் கெட்டி அட்டையில் வெட்டுங்கள். கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பின் நடுவை அளந்து பென்சிலால் குறியுங்கள். சட்டம் ரசமட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் இருக்காது. இங்கே சட்டத்தின் பக்கமே சாய வேண்டும், ஏனென்றால் கண் முக்கோணத்தைக் கதவோடுதான் ஒப்பிடும், பூமியோடு இல்லை. அட்டையின் பின்னால் நான்கைந்து இடத்தில் டேப். பிரஷ்ஷில் வண்ணம் மிகக் குறைவாக, ஒரு துணியில் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும். விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒற்றிக்கொண்டே போக வேண்டும், உள்ளிருந்து வெளியே இழுத்தால் வண்ணம் அட்டைக்கு அடியில் புகுந்துவிடும். சொரசொரப்பான சுவரில் எப்படிச் செய்தாலும் கொஞ்சம் கசியும். இரண்டு மெல்லிய கோட், நடுவே நன்றாகக் காயவிட்டு. கசிந்த விளிம்பை வெள்ளை வண்ணத்தால் திருத்தாதீர்கள், புதிய வெள்ளைக்கும் பழைய வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் கசிவைவிட அசிங்கமாகத் தெரியும்.

திங்கள், பீக்கன்

நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஹட்சன் தடத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். வடக்கே போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், வழி நெடுக ஆறு கூடவே வரும். பீக்கனில் இறங்கினால் டியா கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம். முன்பு நபிஸ்கோ பிஸ்கட் நிறுவனத்தின் பெட்டி அச்சிடும் ஆலையாக இருந்தது, 1929-இல் கட்டியது. 2003-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கூரை ரம்பப் பல் வடிவில் வடக்கு வெளிச்சத்தை வாங்கி இறக்கும். காட்சிக்கூடங்கள் பெரும்பாலும் இயற்கை வெளிச்சத்திலேயே இயங்குகின்றன, அதனால் குளிர்காலத்தில் சீக்கிரம் மூடுவார்கள். டிக்கெட்டை நேரத்தோடு முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது.

பலெர்மோ 1973-இல் நியூயார்க்குக்கே குடிவந்தார். அடுத்த ஆண்டிலிருந்து துணியும் சுவரும் போய் உலோகம் வந்தது. முதலில் எஃகு, பிறகு அலுமினியம், மேலே அக்ரிலிக் வண்ணம். 1976-இல் டுசல்டோர்ஃபுக்குத் திரும்பிப் போய் முடித்ததுதான் ‘நியூயார்க் நகர மக்களுக்கு’. 15 பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் 1 முதல் 4 தகடுகள் வரை, நடுவே இடைவெளி விட்டு மாட்டியவை. மூன்றே வண்ணம்: காட்மியம் சிவப்பு, காட்மியம் மஞ்சள், கறுப்பு. பின்பக்கத்தில் அவர் எழுதி வைத்திருந்த அர்ப்பணிப்பை அவர் இறந்த பிறகுதான் கண்டார்கள், அதுவே பெயராயிற்று. எந்த வரிசையில் மாட்ட வேண்டும் என்பதற்கு வரைபடம் விட்டுப் போயிருந்தார். 1977-இல் நியூயார்க்கில் ஃப்ரீட்ரிஷின் கேலரியில் முதல் முறை காட்டியபோது அவர் உயிரோடு இல்லை.

மூன்று நிறமும் ஜெர்மன் கொடியின் நிறங்கள்தானே என்று எல்லோருக்கும் தோன்றும். தோன்றிவிட்டுப் போகட்டும், ஆனால் அதோடு நின்றுவிட்டால் பார்க்க வேண்டியது நழுவிவிடும். ஒரு தகட்டில் நடுவே ஒரு பெரிய பரப்பு, மேலும் கீழும் ஒல்லியான பட்டை. அடுத்த தகட்டில் அதே அமைப்பு, நிறங்கள் இடம் மாறியிருக்கும். முதல் பகுதியில் பிடிபட்ட விதி மூன்றாவதில் உடையும். புதிய விதி கட்டிக்கொண்டால் அதுவும் நாலைந்து பகுதி தாண்டாது. 1 முதல் 15 வரை வரிசையாக ஒருமுறை நடந்துவிட்டு, 15 முதல் 1 வரை திரும்பி வாருங்கள். அதே சிவப்பு, எதற்குப் பிறகு வருகிறது என்பதைப் பொறுத்து ஆரஞ்சுப் பக்கமோ கருஞ்சிவப்புப் பக்கமோ சாயும்.

பக்கவாட்டுப் பார்வை இங்கேயும் உண்டு. தகடுகள் சுவரோடு ஒட்டி இருக்காது, பின்னால் உள்ள தாங்கி அவற்றைச் சற்று முன்னுக்குத் தள்ளி நிறுத்தும். மெல்லிய உலோகம் என்பதால் விளிம்பு கத்திபோல இருக்கும், நிழல் சுவரில் தனியே விழும். துணிப்படத்தில் நிறம் விளிம்பைச் சுற்றிப் பின்னால் போனது, இங்கே விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கிறது. கிட்டப் போனால் பிரஷ் தடம் தெரியும். இரண்டு நிறம் சந்திக்கும் கோடு டேப் ஒட்டி வெட்டியது போல் இருக்காது, கொஞ்சம் உயிரோடு இருக்கும். அலுமினியத்தில் அக்ரிலிக் சுலபமாகப் பிடிக்காது. பரப்பைத் தேய்த்து, எண்ணெய்ப்பசை போக்கி, ப்ரைமர் கொடுத்த பிறகே வண்ணம். இல்லாவிட்டால் மூலையில் ஒரு சிறு இடி பட்டாலே செதிலாக உதிரும். அதனால்தான் கண்காட்சிக்குக் கண்காட்சி பயணம் போகும் உலோகப் படங்களில் முதலில் அடிபடுவது மூலைகள்.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிச்சம் குறையக் குறைய மனிதக் கண்ணுக்குச் சிவப்பு மற்ற நிறங்களைவிட வேகமாக இருளும். டிசம்பர், ஜனவரி மாலையில் மூடும் நேரத்தை ஒட்டிப் போனால் சிவப்புப் பட்டைகள் கறுப்போடு போய்ச் சேர்ந்துகொள்ளும், மஞ்சள் மட்டும் தனித்து மிதக்கும். அதுவும் பார்க்கத் தக்கதுதான், ஆனால் முதல் பார்வை அதுவாக இருக்க வேண்டாம். பகல் 11-லிருந்து 2-க்குள் ஒருமுறை, கடைசி அரைமணியில் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மீதிக் கூடங்களைப் பார்க்க நேரம் சரியாக இருக்கும்.

அந்த இடைவேளையில் க்னோபெலின் ‘24 வண்ணங்கள், பிளிங்கிக்காக’ காட்சியில் இருக்கிறதா என்று நுழைவாயிலில் கேளுங்கள். நண்பர் இறந்த 1977-இல் செய்தது. அதுவரை கறுப்பு வெள்ளையிலும் வெறும் பலகையிலும் உழன்றவர், இதில் 24 பலகைகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்தார். ஒன்றின் வடிவமும் மற்றொன்றோடு ஒத்துப்போகாது, ஒன்றிலும் சரியான செங்கோணம் தேட முடியாது. பலெர்மோவின் தகடுகளைப் பார்த்த கையோடு இங்கே வந்தால் வித்தியாசம் சட்டென்று உறைக்கும். அங்கே ஒரு தகட்டுக்குள் நிறங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன. இங்கே ஒரு பலகைக்கு ஒரு நிறம்தான், பேச்செல்லாம் பலகைகளுக்கு நடுவே உள்ள சுவரில் நடக்கிறது.

நகரத்துக்குத் திரும்பும் ரயில் பகலில் பெரும்பாலும் மணிக்கு ஒன்று. அட்டவணையைப் பார்த்துவிட்டு அறைக்குள் போங்கள். போக வர டிக்கெட்டை நிலையத்து இயந்திரத்திலோ செயலியிலோ எடுத்துவிடுவது நல்லது, ரயிலுக்குள் வாங்கினால் விலை கூடுதல்.